நாச்சிமுத்து கோப்பையின் முதல் பந்து

அக்டோபர் 9, புதன்

கிளப்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் பம்பு கம்பெனிக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் போல இதையும் நான்தான் பிரித்தேன். டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அப்பா பெயரில் கோல்ஃப் போட்டி. 'நாச்சிமுத்து நினைவுக் கோப்பை'. அப்பா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பத்தியில் இப்படிப் போட்டிருந்தது: 'அமரர் நாச்சிமுத்து அவர்கள் குடும்பத்தின் மூத்த வாரிசு முதல் பந்தை அடித்துப் போட்டியைத் தொடங்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

மூத்த வாரிசு. தம்பி தண்டபாணி பிறந்தது எழுபத்து நான்கில். நான் எழுபதில். பள்ளிச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, யாருக்காவது சந்தேகம் இருந்தால் எடுத்துக் காட்டத் தயார்.

கோல்ஃப் மட்டையை நான் இதுவரை தொட்டதில்லை. அதனால் என்ன? 1998 வரை பம்பு கூடத்தான் தொட்டதில்லை.

ஈரோட்டு டீலருக்கு நாற்பது பம்பு போயாயிற்று. இரண்டாம் உலைக்குச் செங்கல் மாற்றவேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. உலை, லேத்து, தராசு, லாரி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து முடிக்கவே பதினொரு மணி. தண்டபாணி மகன் ப்ரணவோடு ஆரத்தி எடுக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தான். வருடத்துக்கு ஒரு நாள் அவன் நேரத்துக்கு வருவது அன்றைக்குத்தான்.

பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தான். "கிளப்புல இருந்து லெட்டர் வந்துச்சாமா? நம்ம ப்ரணவ் அடிக்கட்டும்னு செக்ரட்டரிகிட்டப் பேசி வெச்சுட்டேன்க்கா."

"லெட்டர்ல மூத்த வாரிசுன்னு போட்டிருக்குது."

"அது சும்மா ஒரு மரியாதைக்குப் போடறது."

"அப்ப அந்த மரியாதைய எனக்குக் குடு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பொரியை மேசைமேல் வைத்தான். "அக்கா, இது தேங்கா ஒடைக்கற வேலை இல்ல. எனக்கே பந்து ஒழுங்காப் பறக்க மூணு வருசம் ஆச்சு. டீலருங்க பூராம் வருவாங்க, முன்னூறு பேரு நிப்பாங்க. பந்து உன்ற காலடியிலேயே உளுந்துதுன்னா அப்பா பேரு என்னாகறது?"

"ரெண்டு மாசம் இருக்குது. ஒரே ஒரு பந்துதானே."

ப்ரணவ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது, வேலைக்கு வந்து ஆறு மாதம், இன்னும் வார்ப்பட மண்ணில் கை வைத்ததில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து இருபத்தெட்டு வயதில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை ஃபவுண்டரிச் சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அது அப்பா. கம்பெனிப் பத்திரத்தில் தண்டபாணி பெயரை மட்டும் எழுதினார். அதுவும் அப்பா. ஆக, சாவி என்னிடம், பெயர் அவனிடம். அன்றைக்கு முன்னூறு பேர் நடுவில் மட்டையைப் பிடிப்பது யாரோ, அவர்தான் இனிமேல் கம்பெனி என்று எல்லா டீலரும் முடிவு கட்டிவிடுவார்கள். அது ப்ரணவாக இருக்க நான் விடப்போவதில்லை.

அக்டோபர் 14, திங்கள்

முதல் பாடம். சொல்லித் தருகிறவள் பெயர் ரெஜினா. வயது முப்பத்து மூன்று, முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் போட்டிகளை விட்டுவிட்டு கிளப்பின் பயிற்சித் திடலில் சொல்லித் தருகிறாள். சாந்தமான முகம். வாய்தான் அப்படி இல்லை.

"ஒரே ஒரு பந்துதான மேடம், சும்மா தட்டி விட்டுருங்க. நான் சொல்லித் தர்றேன், பத்து நிமிசம் போதும்."

"தட்ட வரல. முழுசா வீசி அடிக்கணும். எங்கப்பா மாதிரி இல்ல, ஒழுங்கா."

அப்பா அறுபது வயதில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக கோல்ஃப் கற்றுக்கொண்டவர். வாய்க்காலில் மண்வெட்டி போடுவதைப் போல அடிப்பார். ரெஜினாவுக்கும் அது ஞாபகம் இருக்கிறது போலிருக்கிறது, சிரித்துவிட்டாள்.

இன்று முழுக்க மட்டையைப் பிடிப்பது மட்டும். இடது கை மேலே, வலது கை கீழே, வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரல்மேல் ஏறி உட்கார வேண்டும். ஏழாம் நம்பர் மட்டை. குருவிக்குஞ்சைப் பிடிக்கிற அழுத்தம் போதும் என்கிறாள். நான் குருவிக்குஞ்சைப் பிடித்ததில்லை, சுத்தியலைத்தான் பிடித்திருக்கிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விலா எலும்பு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

அக்டோபர் 21, திங்கள்

நிற்பதையும் திரும்புவதையும் ஒரு வாரமாகச் செய்கிறோம். கால்கள் தோள் அகலம். முட்டி கொஞ்சம் மடங்க வேண்டும், முதுகு மடங்கக்கூடாது, குனிவது இடுப்பிலிருந்து. அப்புறம் தோளும் கையும் மட்டையும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் போகவேண்டும். இடது தோள் முகவாய்க்குக் கீழே வரும்வரை திரும்பு. இடது கை நீட்டியபடியே இருக்கட்டும். பிறகு கையை மறந்துவிட்டு இடுப்பை முதலில் விடு, கை தானாகப் பின்னால் வரும்.

"கையால அடிக்காதீங்க மேடம். பூமியிலிருந்து வரணும். காலு, இடுப்பு, தோளு, கை. அந்த வரிசையில."

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. நாற்பது பந்தில் நான்கு கிளம்பியது. மிச்சம் தரையில் உருண்டது, இல்லாவிட்டால் மட்டை தரையைக் கொத்தியது.

"உங்க வலது கை வேலையே செய்ய மாட்டேங்குது. விருந்துக்கு வந்த மாதிரி சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. பலமெல்லாம் இடதுல இருந்தே வருது. ஏன் மேடம்?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"கடிகாரத்த வலது கையில கட்டறீங்க?"

"அது என்ற இஷ்டம்."

உலைச் செங்கல் வந்துவிட்டது. மேஸ்திரி வரவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

அறுபது பந்து. ஏழு கிளம்பியது.

நவம்பர் 3, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

தீபாவளி பலகாரத்தோடு தண்டபாணியும் ப்ரணவும் திடலுக்கே வந்துவிட்டார்கள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்க்கா." ஞாயிறு என்பதால் கேடிக்காரர்களும் இருந்தார்கள். ஆட்டக்காரர்களின் பையைத் தோளில் சுமந்து கூடவே நடப்பவர்கள். இந்த கிளப்பில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோப்பைப் போட்டியில் முதல் பந்து அடிக்கப்படும்போது எல்லோரும் மைதானத்தில் இறங்கிவிடுவார்கள். பந்து எங்கே விழும் என்று யார் எங்கே நினைக்கிறார்களோ அங்கே போய் நின்றுகொள்வார்கள். பந்தை முதலில் எடுப்பவருக்கு ஒரு கைக்கடிகாரம். பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அடித்தவர் பெயரோடு கிளப்பின் கூடத்தில் மாட்டிவிடுவார்கள். ஆகவே ஒருவர் எவ்வளவு நன்றாக அடிப்பார் என்று தெரிந்துகொள்ள அவர் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேடிக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

தண்டபாணி முன்னால் மூன்று முறை வீசினேன். முதல் இரண்டிலும் மட்டை பந்தைத் தொடவே இல்லை. மூன்றாவதில் மட்டை கையை விட்டுப் பறந்து பலகாரக் கூடையின் பக்கத்தில் விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்பாவின் பையைப் பன்னிரண்டு வருடம் சுமந்த மாசிலாமணி என்பவர் எழுந்து வந்தார். என் காலடியிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ப்ரணவும்தான்.

"பாத்தியாக்கா?" என்றான் தண்டபாணி. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பாவம் பார்த்துச் சொன்னான்.

அதிரசம் நன்றாக இல்லை. பாகு முற்றிவிட்டது.

நவம்பர் 6, புதன்

அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் மாதிரித் தாள் வந்தது, வழக்கம்போல என் மேசைக்கு. 'முதல் பந்து: செல்வன் த. ப்ரணவ்' என்று இருந்தது. தண்டபாணி என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அது என் கண்ணில் பட்டு, நான் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன் என்று நினைத்திருக்கிறான். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் நடக்கிறது.

பிழை திருத்துவது என் வேலை. திருத்தினேன். 'முதல் பந்து: திருமதி நா. சாந்தாமணி'. 'திருமதி'யையும் அடித்தேன். வெறும் நா. சாந்தாமணி.

நவம்பர் 8, வெள்ளி

நானூறு அழைப்பிதழ் தபாலில் போயிற்று. தண்டபாணி போனில் பத்து நிமிடம் கத்தினான். போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சம்பளப் பட்டியலைப் பார்த்தேன்.

நவம்பர் 9, சனி

காலையில் திடலில் நான் தவறவிட்ட பந்துகள் காலடியில் கிடந்தன. கூடை பதினைந்தடி தள்ளி இருந்தது. ரெஜினா பந்துகளை அதில் போடச் சொன்னாள். நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக எறிந்தேன். பத்தும் கூடைக்குள் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மேடம், நீங்க லெஃப்டா?"

"என்ன?"

"இடது கையில எறிஞ்சீங்க. பத்தும் உள்ள. நீங்க பொறந்ததே இடது கை. நான் ஒரு மாசமா உங்கள வலது பக்கம் நிக்க வெச்சு அடிக்கச் சொல்றேன். சாப்படறது, எழுதறது பாத்து நானும் ஏமாந்துட்டேன்."

"நான் வலது கைக்காரி. எங்க குடும்பத்துல எல்லாருமே வலது கைதான். உனக்கு சொல்லித் தரத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

மட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு எவ்வளவு திமிர்!

நவம்பர் 11, திங்கள்

திடலுக்குப் போகவில்லை. உலைக்குச் செங்கல் கட்டி முடித்தார்கள். வீட்டில் துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

போகவில்லை. இடது மணிக்கட்டில் பழைய தழும்பு அரிக்கிறது. குளிர் வந்துவிட்டது, அதனால் இருக்கும்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். ஃபவுண்டரிப் பெண்களின் பிள்ளைகளுக்கு வருடா வருடம் மிட்டாய் கொடுப்போம். வரிசையில் ஐந்து வயதுப் பெண் ஒன்று வந்து இடது கையை நீட்டியது. பின்னால் நின்ற அதன் அம்மா படாரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தாள். "சோத்துக் கைய நீட்டுடி!"

குழந்தை அழவில்லை. கையை இழுத்துப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டியது. அந்த ஒளித்த விதம் எனக்குத் தெரியும்.

"ஏம்மா அடிக்கறே? விடு. அந்தக் கையவே நீட்டு சாமி" என்றேன். குழந்தை அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நீட்டவில்லை. மிட்டாயை அதன் பாவாடைப் பையில் போட்டேன். பிறகு அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சரி, எழுதிவிடுகிறேன். ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுவரை தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணிவரை அப்பா என் இடது கையை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டிவைப்பார். லேத்தில் அறுந்துபோன தோல் பட்டையால். சிலேட்டை வலது பக்கம் வைப்பார். 'அ' போடுவேன், கோணிக்கொண்டு போகும். கட்டை இறுக்குவார். திட்டமாட்டார். அடித்ததும் இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். "பொம்பளப் புள்ள பீச்சாங்கையில பரிமாறுனா எவன் ஊட்டுல ஒத்துக்குவான்?" என்று என் நல்லதுக்காகச் சொல்வதைப் போலவே சொல்வார். இரண்டு வருடத்தில் என் எழுத்து முத்து முத்தாக வந்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

மணிக்கட்டுத் தழும்பு கதவிடுக்கில் நசுங்கியது என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். தண்டபாணியிடமும்.

அப்பா மேல் எனக்குக் கோபம். இந்த வரியை எழுத ஐம்பத்து நான்கு வயதுவரை ஆகியிருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

காலை ஆறு மணிக்கு ரெஜினா வீட்டு வாசலில் நின்றேன். பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இடதுதான்" என்றேன். "நீ சொன்னது சரி."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். கிளப்பில் இடது கை மட்டை ஒன்றுகூட இல்லை என்றாள். வெளியூரில் சொல்லி வாங்க ஒரு மாதம் ஆகும், அதுவும் நிச்சயமில்லை. வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், வலது கை மட்டையையே தலைகீழாகத் திருப்பி, மட்டைத் தலையின் நுனி தரையைப் பார்க்கும்படி பிடிக்கச் சொன்னாள். இப்போது வலது கை மேலே, இடது கை கீழே. பந்துக்கு மறுபக்கம் போய் நின்றேன்.

அந்தப் பக்கம் போய் நின்றதுமே கால்கள் தாமாகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. யாரும் சொல்லவில்லை.

வீசினேன். தலைகீழ் மட்டைதான். பந்து வேலிக்கு மேலே போய்ப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் விழுந்தது.

நான் அங்கேயே, அவள் வீட்டுத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிடம் அழுதேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுப் பந்தை வாங்கி வந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

மட்டை கிடைக்காவிட்டால் செய்துகொள்ள வேண்டியதுதானே? நாங்கள் வருடத்துக்கு எட்டாயிரம் எஃகுச் சக்கரம் வார்க்கிறோம், பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம். அதில் வலம் சுற்றுவதும் உண்டு, இடம் சுற்றுவதும் உண்டு. ஒன்றைப் பார்த்து அதன் மறுபக்கத்தைச் செய்வது எங்கள் அச்சுப் பட்டறையில் அன்றாட வேலை.

பட்டறை ஆறுச்சாமியண்ணனிடம் ஏழாம் நம்பர் மட்டையின் தலையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு இடப்பக்கம் பாக்கறது வேணுமுங்களா அம்மிணி? ஆருக்கு?"

"எனக்குத்தான்."

என் கையைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக என்னைப் பார்ப்பவர். "ஸ்பேனரு புடிக்கைலயே எனக்குத் தெரியுமுங்க" என்றார். "நீங்க சொல்லாம நாம ஏன் கேக்கறதுன்னு உட்டுட்டனுங்."

நவம்பர் 25, திங்கள்

மட்டைத் தலை வார்த்து வந்தது. தூக்கினால் தூக்க முடியவில்லை. ஆறுச்சாமியண்ணன் பழக்க தோஷத்தில், எஃகு ஆறும்போது சுருங்கும் என்று கொஞ்சம் கூட்டி, அப்புறம் லேத்தில் சீவுவதற்கு என்று சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் கூட்டி, பம்புச் சக்கரத்துக்குச் செய்கிற அத்தனையையும் இதற்கும் செய்திருக்கிறார். கோல்ஃப் மட்டைக்கு லேத்து ஏது? ரெஜினா இரண்டு கையாலும் அதை ஏந்திப் பார்த்துவிட்டு, "இத வெச்சுக் கிணறு தோண்டலாம் மேடம்" என்றாள்.

அண்ணனுக்கு வெட்கம். "ஒரு வாரம் குடுங்க" என்றார்.

அதுவரை தலைகீழ் மட்டை. ஃபவுண்டரிக்குப் பின்னால் கழிவு மணல் மேட்டில் காலை ஐந்தேமுக்காலிலிருந்து. கிளப்பில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நானும் ரெஜினாவும் பேசி வைத்திருக்கிறோம்.

டிசம்பர் 2, திங்கள்

இரண்டாவது வார்ப்பு. ராவி, தேய்த்து, மெருகேற்றி, பிடியைப் பொருத்திக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் கம்பெனி முத்திரையும் போட்டிருக்கிறார். எடை கச்சிதம்.

முதல் பந்தே மணல் மேட்டைத் தாண்டிற்று.

டிசம்பர் 6, வெள்ளி

முழு வீச்சு என்றால் என்ன என்று இன்றைக்குப் புரிந்தது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

இடுப்பிலிருந்து குனி. எடை இரண்டு காலிலும். தோள், கை, மட்டை சேர்ந்து பின்னால் போகட்டும், அவசரம் வேண்டாம். வலது தோள் முகவாய்க்குக் கீழே வரும்போது முதுகு, பந்து போகவேண்டிய திசையைப் பார்க்கும். மேலே ஒரு நொடி. அங்கேதான் நான் பயந்து அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நிற்கலாம், யாரும் துரத்தவில்லை. பிறகு வலது இடுப்பு இலக்குப் பக்கம் நகர்கிறது, கை இன்னும் மேலேயே இருக்கிறது, கடைசியில்தான் வருகிறது. பந்து அந்த வழியில் இருப்பதால் அடிபடுகிறது. அடித்தபின் நிறுத்தக்கூடாது. தொப்புள் இலக்கைப் பார்க்க, எடை முழுக்க வலது காலில், இடது குதிகால் மேலே, அப்படியே நின்று பந்து விழும்வரை பார்க்க வேண்டும்.

"இடது கை பலம் குடுக்குது, வலது கை வழி காட்டுது" என்றாள் ரெஜினா. "ரெண்டுல ஒண்ணு இல்லாட்டியும் வராது மேடம். உங்க வலது கை நல்லாப் பழகுன கை. அத்தன நேரா இருக்குது."

ஐம்பது பந்தில் முப்பத்தைந்து பறந்தது. தொண்ணூறு கஜம், நூறு கஜம். ரெஜினா காலால் அளந்தாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

எவனோ சொல்லிவிட்டான். தண்டபாணி மதியம் வீட்டுக்கு வந்தான். சோறு வேண்டாம் என்றான். அவன் சோறு வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

"அக்கா, இடது கையிலயா அடிக்கப் போற?"

"ஆமா."

"அப்பா போட்டோவ மாலை போட்டு முன்னால வெச்சிருப்பாங்க. முதல் பந்து. நல்ல காரியம். பீச்சாங்கையிலயா தொடங்கறது? அத்தன பேரு முன்னால? டீலருங்க என்ன பேசுவாங்க?"

அவன் குரலை இறக்கினான்.

"சரி, நீயே அடி. நான் ஒத்துக்கறேன். ஆனா வலது பக்கம் நின்னு சும்மா தொட்டு விட்டுரு. ரெண்டடி போனாலும் போதும், எல்லாரையும் கை தட்டச் சொல்றேன். கேடிக்காரங்ககிட்டயும் சொல்லி வெச்சறேன், ஆரும் சிரிக்க மாட்டாங்க. உன்ற பேரும் வரும், அப்பா மானமும் நிக்கும்."

அது நல்ல மனசோடு சொன்னதுதான். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. இடது சட்டைக் கையை மடக்கி, மணிக்கட்டை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இது கதவுல நசுங்குனது இல்ல."

சொன்னேன். எல்லாவற்றையும். நாற்காலி, தோல் பட்டை, ஆறு மணி, எட்டு மணி.

"எனக்குத் தெரியாதுக்கா."

"நீ அப்ப தொட்டில்ல இருந்த."

எழுந்து போனான். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும், "ஆனாலும் அப்பா முன்னால..." என்றான். அவன் அவ்வளவுதான். அவனைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். ஐம்பத்தோரு விளக்கு. எல்லாவற்றையும் வலது கையால் ஏற்றினேன். கடைசி ஒன்றை இடது கையால். அதுவும் எரிந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

காலை ஏழரை. பனி விலகவில்லை. பந்தல் போட்டிருந்தார்கள். பந்து வைக்கும் மேடைக்கு எதிரே அப்பாவின் படம், ஆளுயரம், ரோஜா மாலை. அதற்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள், டீலர்கள், கமிட்டிக்காரர்கள், போட்டோக்காரர்கள். பக்கவாட்டில் எங்கள் ஆட்கள். ஆறுச்சாமியண்ணன் வெள்ளை வேட்டி, புதுச்சட்டை. எல்லாமே வலது கைக்காரர் நின்று அடித்தால் அவர் முகம் பார்க்கிற பக்கத்தில் வைத்திருந்தார்கள். தண்டபாணி வெளிர்நீலச் சட்டையில் வேர்த்துக்கொண்டு நின்றான்.

என் பெயரைச் சொன்னார்கள். கேடிக்காரர்கள் இருபது பேர் இறங்கி வந்து என்னிடமிருந்து பத்தடியிலேயே வளைத்து நின்றார்கள். ஒருத்தன் உட்கார்ந்தே விட்டான். மைக்கில் பேசியவர், "பரவாயில்ல, பக்கத்துலயே நிக்கிறாங்க" என்றதும் பந்தலில் சிரிப்பு.

பந்தை வைத்தேன். அப்புறம் நடந்து பந்துக்கு மறுபக்கம் போனேன். இப்போது பந்தல் முழுக்க என் முதுகுக்குப் பின்னால்.

"மேடம், இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்றார் போட்டோக்காரர்.

"நான் சரியாத்தான் நிக்கறேன். நீங்க இந்தப் பக்கம் வாங்க."

மைக் நின்றது. கமிட்டிக்காரர் யாரோ தண்டபாணியைப் பார்த்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. முதலில் போட்டோக்காரர்கள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே ஈரோட்டு டீலர் எழுந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லில் சுற்றி வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள். முன்னூறு பேரும் நாற்காலியை விட்டு மேடையைச் சுற்றி நடந்து என் எதிரே வந்து நின்றார்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை.

பந்தலில் அப்பா மட்டும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பாவையும் இந்தப் பக்கம் கொண்டு வாங்க" என்றேன். "அவரு பாக்கணும்."

யாரும் நகரவில்லை. பிறகு தண்டபாணி போனான். படத்தின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தை ஆறுச்சாமியண்ணன் ஓடிப்போய்ப் பிடித்தார். மாலையோடு தூக்கிச் சுற்றிக் கொண்டுவந்து, எனக்கு நேர் எதிரே வைத்துவிட்டு, தண்டபாணி படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். தூக்கி வந்ததில் மாலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதை அவன் சரி செய்யவில்லை.

மட்டையைப் பிடித்தேன். வலது கை மேலே, இடது கை கீழே. கால்களை வைத்தேன். கேடிக்காரர்கள் பக்கம் ஒரு அசைவு. மாசிலாமணி என் கால்களைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு திரும்பிப் பந்து போகும் திசையில் நடக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் நடந்துகொண்டே இருந்தார். ஐம்பது கஜத்தைத் தாண்டியும் நிற்கவில்லை.

மேலே கொண்டுபோனேன். அங்கே ஒரு நொடி நின்றேன். யாரும் துரத்தவில்லை.

அடித்ததே கையில் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பத்தடியில் நின்ற பத்தொன்பது பேரும் தலையைக் குனிந்தார்கள். பந்து அவர்கள் மேலாகப் போய், பனிக்குள் போய், மாசிலாமணியையும் தாண்டி விழுந்து உருண்டது. அவர் அதன் பின்னால் ஓடினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

நான் ரெஜினா சொன்னபடி அப்படியே நின்றேன், எடை முழுக்க வலது காலில், பந்து நிற்கும்வரை. கை தட்டினார்களாம். எனக்குக் கேட்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிகாரத்தை என் கையால் கொடுக்கச் சொன்னார்கள். இடது கையால் நீட்டினேன். மாசிலாமணி ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அய்யா ஒரு நாளும் அந்தத் தூரம் அடிச்சதில்லீங்க" என்றார்.

டிசம்பர் 16, திங்கள்

வழக்கம்போல எட்டு மணிக்கு ஃபவுண்டரி. ஈரோட்டு டீலர் புது விலை கேட்டுத் தண்டபாணிக்குப் போன் செய்திருக்கிறார். "அக்காகிட்டக் கேளுங்க, அவங்கதான் எல்லாம்" என்று இவன் சொன்னானாம். அவர் எனக்குப் போன் போட்டு அதையும் சொன்னார். பத்தரைக்கு ப்ரணவ் வந்து வார்ப்பட மண் எப்படிக் கலப்பது என்று கேட்டான். சட்டைக் கையை மடக்கச் சொன்னேன்.

சாயங்காலம் ரெஜினா வந்தாள். இந்த நோட்டு மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இனி இதையும் இடதுல எழுதுவீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

இல்லை. அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை எனக்குத் தெரியும். அடித்துக் கட்டிப்போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்காக, கற்றுக்கொண்டது அவர்களுடையது ஆகிவிடாது. இந்தக் கையும் என்னுடையது, அந்தக் கையும் என்னுடையது. இரண்டில் ஒன்றையும் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

நாளைக்கு இரண்டாம் உலையைப் பற்றவைக்க வேண்டும்.